சார்லஸ் மன்னரின் எட்டாம் நாள்

வாருங்கள் ஐயா, இந்தப் பலகையில் அமருங்கள். முனிசிபாலிட்டியிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார்கள். வந்த காரியத்தையும் சொன்னார்கள். சித்திரைக் கடைசியில் புதிய மன்னருக்கு இலண்டனில் முடிசூட்டு விழா. அதையொட்டி நம் ஊரில் மன்னர் பரம்பரையின் பெருமையை நான் புராண முறையில் பிரசங்கம் செய்ய வேண்டும். அதுதானே?

மாட்டேன் என்று ஒரு சொல்லில் அனுப்பிவிடலாம். ஆனால் சிற்சபேசம் பிள்ளை செருக்குப் பிடித்தவன் என்று நீங்கள் போய்ச் சொல்லிவிடக் கூடாது. செருக்கு என்பது என்னிடம் எந்நாளும் இருந்ததில்லை. ஆகவே காரணத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

இங்கிலாந்து மன்னர் ஒருவருடைய சரித்திரத்தை என் வாழ்நாளில் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு, நெடுங்கரட்டு ஜமீனில். ஏழு நாள் சொன்னேன். எட்டாம் நாள் சொல்லவில்லை. சொல்லவிடாமல் என்னை அவமதித்தார்கள். அதன் பின் விழுந்த தலைக்கும் ஏறிய தூக்குக்கும் நானே பொறுப்பு என்று இன்றும் சிலர் வாய் கூசாமல் பேசுகிறார்கள். நீங்களே கேட்டு நியாயம் சொல்லுங்கள்.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் டில்லியில் தர்பார் நடத்திய ஆண்டு அது. நெடுங்கரட்டு ஜமீன்தார் நல்லகுற்றாலச் சேதுராயருக்கு அதைக் காணப் போக வேண்டும் என்று ஆசை. ஆறடி உயரம், இரட்டை நாடி. கோபம் வந்தால் கையில் இருப்பதை வீசிவிடுவார். வெற்றிலைப் பெட்டியானாலும் வீசுவார், அரிவாளானாலும் வீசுவார். அவர் என்னை அழைத்து, "பிள்ளைவாள், நான் டில்லிக்குப் புறப்படுமுன் நம்ம குடிகளுக்கு ராசபக்தின்னா என்னன்னு தெரியணும். வெள்ளைக்கார ராசாக்கள் கதையை எட்டு நாள் சொல்லும்" என்றார்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது. மிஷன் பள்ளித் தலைமையாசிரியர் ஞானாபரணம் சரித்திரப் புத்தகத்தைப் படித்து, ஒரு மாதம் எனக்குப் பொருள் சொன்னார். மன்னர்கள் பலர் என் நாவுக்கு ஏற்றவர்களாக இல்லை. ஒருவருக்கு ஆறு மனைவியர். அதை எந்தப் பண்ணில் பாடுவது? பிறகு முதலாம் சார்லஸ் மன்னரின் சரித்திரம் வந்தது. ஆசிரியர் படிக்கப் படிக்க என் கண்ணீர் மார்பில் வழிந்தது. தாம் கொண்ட சமயத்துக்காகவும் முடியுரிமைக்காகவும் தலையையே கொடுத்தவர் அவர். நம் அடியார் கூட்டத்தில் பிறந்திருக்க வேண்டியவர். வினைப்பயனால் பனிவிழும் தேசத்தில் பிறந்துவிட்டார். இவரைத்தான் சொல்வது என்று அன்றே உறுதி செய்தேன்.

நெடுங்கரட்டுக்கு நான் போய்ச் சேர்ந்த காலைப்பொழுதில் ஒரு சிறு சம்பவம். கதைக்கு அது அவ்வளவு முக்கியமன்று. கோம்பையா என்பவனை நான் முதலில் பார்த்த இடம் என்பதனால் சொல்கிறேன். ஜமீன்தாரின் டில்லிப் பயணத்துக்காகக் குடிகள்மேல் ஒரு வரி விதித்திருந்தார்கள். டில்லி வரி என்றே அதற்குப் பெயர். கட்டாதவர்களை அரண்மனை முற்றத்தில் வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கோம்பையாவின் விரல்களுக்குக் கிட்டி போட்டிருந்தார்கள். இரண்டு மரச்சட்டங்களின் நடுவே விரல்களை வைத்து இறுக்குவது கிட்டி. எலும்பு நொறுங்கும் ஓசை பச்சை மூங்கில் முறிவதுபோல் கேட்டது. அவனுடைய தமையன் சங்கையாவைக் குனியவைத்துக் கழுத்தையும் கால் கட்டைவிரலையும் ஒரே கயிற்றால் பிணைத்து, முதுகில் அம்மிக்கல்லை ஏற்றியிருந்தார்கள். அவன் மூக்கிலிருந்து இரத்தம் மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்வேன்? குளித்துத் திருநீறு தரித்துப் பூசைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு துளி தெறித்தாலும் மறுபடி குளிக்க வேண்டும், கிணறோ நெடுந்தூரத்தில். ஆகவே முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். அன்று பொழுது சாய்வதற்குள் சங்கையா இறந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அவனுக்காகப் பஞ்சாட்சரம் நூற்றெட்டு உரு ஓதினேன். அதை யாரும் என் கணக்கில் சேர்ப்பதில்லை.

கார் அறுவடைக் காலம். பகல் மூன்று மணிக்குக் கதை தொடங்கும். விளக்கு வைக்குமுன் முடிந்துவிடும். வராத குடிக்குச் சவுக்கடி என்று தமுக்கு அடித்திருந்தபடியால் பந்தல் நிரம்பி வழிந்தது. ஞானாபரணமும் குடும்பத்தோடு வந்து தங்கிக் கேட்டார். முதல் நாள் மன்னரின் பிள்ளைப்பருவம். மூன்று வயது கடந்தும் கால் ஊன்றி நடக்கமாட்டாத பிள்ளை, பேச்சிலும் திக்கு. பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். இரண்டாம் நாள் முடிசூட்டு. மூன்றாம் நாள், குடிகளின் சபையை மன்னர் கலைத்துவிட்டுத் தாமே பதினோராண்டு ஆண்ட பகுதி. கப்பற்படைக்காக, கடற்கரை ஊர்களுக்கு மட்டும் இருந்த வரியை மன்னர் உள்நாட்டு ஊர்களுக்கும் விதித்ததைச் சொன்னேன்.

பந்தலின் ஓரத்திலிருந்து ஒரு குரல். "சாமி, கடலையே கண்ணால பாக்காதவன் கப்பலுக்குப் பணம் கட்டணுமா?"

பார்த்தால் கோம்பையா. இரண்டு கைகளிலும் வேப்பிலை வைத்துக் கந்தல் சுற்றியிருந்தான்.

"ஆம். அரசன் ஆணை" என்றேன்.

பின்னாலிருந்து வேறொருவன், "நாம டில்லியைப் பாத்திருக்கமா என்னலே? கட்டலியா?" என்றான். கூட்டம் சிரித்தது. நான் மகிழ்ந்தேன். அறுப்புக் களத்திலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கில சரித்திரத்தில் நகைச்சுவை பிறக்கிறதென்றால், அது என் வாக்கின் சிறப்பல்லவா?

ஆறாம் நாள் மன்னர் மீதான விசாரணை. அன்று நான் பேசவில்லை, ஐயா. என்னுள் நின்று வேறொன்று பேசியது. குடிகளின் சபை தம் அரசனைக் கைதியாக நிறுத்திய கொடுமையைச் சொன்னேன். மன்னர் தொப்பியைக் கழற்றவில்லை, "எந்த அதிகாரத்தால் என்னை விசாரிக்கிறீர்கள்?" என்று கேட்டார். அதைச் சொல்லும்போது சேதுராயரே தொடையைத் தட்டி, "ஆண்பிள்ளை! ராசான்னா இவன்!" என்றார்.

கதை முடிந்து நான் இறங்கும்போது கோம்பையா வழியில் நின்றான்.

"சாமி, ஒரு சந்தேகம். ராசாவை விசாரிச்சவுக ஆரு? குடியானவுகளா?"

"குடிகளின் பெயரால் விசாரித்த பாவிகள்."

"சும்மா அடிச்சுக் கொல்லலியா? எழுதி வாசிச்சாங்களா?"

"குற்றப்பத்திரிகை எழுதி வாசித்தார்கள். மரண சாசனத்தில் ஐம்பத்தொன்பது பேர் கையொப்பமிட்டு முத்திரையும் வைத்தார்கள்."

"கையெழுத்துப் போடத் தெரியாதவன் ரேகை வச்சாச் செல்லுமா சாமி?"

அருகில் நின்ற காரியஸ்தர் பூதலிங்கம், "ஏலே, விரல் நசுங்கின பயலுக்கு ரேகை ஒரு கேடா?" என்று பிடரியில் ஒரு அறை வைத்தார். அவன் விழுந்து எழுந்தான். எழுந்ததும் மறுபடியும் என் முகத்தையே பார்த்தான். எத்தனையோ சபைகளில் பேசியிருக்கிறேன். இத்தனை சிரத்தையுள்ள கேள்வியாளனைக் கண்டதில்லை. "செல்லும் அப்பா, செல்லும்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஏழாம் நாள் மரணப் படலம். தை மாதக் கடுங்குளிர். குளிரில் உடல் நடுங்கினால் அச்சத்தால் நடுங்குகிறான் என்று பகைவர் நினைப்பார்களே என்று மன்னர் இரண்டு சட்டை அணிந்துகொண்டார். அருகே ஒரு குருவானவர் நின்றார். வெட்டுகிறவன் முகத்தை மூடியிருந்தான். மன்னர் தாழ்ந்த கட்டையில் கழுத்தை வைத்து, கைகளை விரித்து, தாமே சைகை செய்தார். ஒரே வெட்டு. சேதுராயர் தேம்பி அழுதார். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். அப்படி ஒரு நாள் பிரசங்கிக்கு ஒரு பிறவியில் ஒருமுறை வாய்க்கும்.

இனிமேல்தான் என் வழக்கு. எங்கள் முறையில், மரணப் படலம் சொன்ன பிரசங்கிக்கு, மறுநாள் பட்டாபிஷேகப் படலத்துக்கு மேடை ஏறுமுன், கதை நடத்துகிறவர் புதுப்பட்டுப் போர்த்த வேண்டும். தீட்டுக் கழிக்கும் முறை அது. எட்டாம் நாளில் என்ன இருக்கிறது தெரியுமா? மன்னருடைய மகன் பதினோராண்டு கழித்துக் கடல்கடந்து திரும்பி வந்து முடிசூடுகிறார். தந்தையின் மரண சாசனத்தில் கையொப்பமிட்டவர்களில் அகப்பட்டவர்களைத் தூக்கிலிட்டுக் குடலை உருவி நான்கு கூறாக்குகிறார்கள். செத்துப் புதைத்தவனையும் தோண்டித் தூக்கிலிடுகிறார்கள். அறம் வெல்லும் நாள் அது. அந்த நாளுக்கு அரண்மனையிலிருந்து பூதலிங்கம் கொண்டுவந்தது பழம்பட்டு. எவரோ உடுத்துக் களைந்தது. முந்தியில் வெற்றிலைச்சாற்றுக் கறை.

"ராசா டில்லிக்குத் துணிமணி எடுத்ததுல கை கொஞ்சம் இறுக்கம். இதை வச்சு ஒப்பேத்தும் பிள்ளைவாள்" என்றார்.

ஒப்பேற்றுவதா! "பட்டு வரும்வரையில் சார்லஸ் மன்னருடைய மகன் கடலுக்கு அப்பாலேயே இருக்கட்டும்" என்று சொல்லி ஏட்டைக் கட்டிவிட்டேன். சத்திரத்தில் போய் அமர்ந்துவிட்டேன். மூன்று நாள். அரண்மனையிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை.

வந்தவன் கோம்பையாதான். இரண்டாம் நாள் காலையில், கூட ஆறேழு பேருடன் வந்து வாசலில் குந்தினான்.

"சாமி, ராசாவை வெட்டினவுகளுக்கு அப்புறம் என்னாச்சி?"

"அது எட்டாம் நாள் கதை."

"அதான் கேக்கோம். அவுகளுக்கு ஏதும் கெடுதல் வந்துச்சா, இல்ல நல்லாருந்தாகளா? அதை மட்டும் சொல்லுங்க சாமி. நாங்க போயிருதோம்."

"பட்டு வரட்டும்."

அவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். பிறகு ஒரு கிழவர், "சாமி, எங்களால பட்டுக்கு ஏலாது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நல்ல வேட்டியா ஒண்ணு எடுத்தாந்து தாரோம். மஞ்சத் தடவிப் போத்துதோம். சொல்லுவீகளா?" என்றார்.

நீங்களே சொல்லுங்கள் ஐயா. முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? கதை நடத்துகிறவர் ஜமீன்தார். அவர் போர்த்த வேண்டிய இடத்தில் குடியானவன் போர்த்தலாமா? அரச காதையை அறுப்புக் கூலி வேட்டிக்கு விற்கலாமா? மறுத்துவிட்டேன். அன்பாகத்தான் மறுத்தேன்.

கோம்பையா எழுந்தான். "பதினோரு வருசம் கழிச்சு மகன் வந்தான்னு வாத்தியார் வீட்டுப் பய சொல்லுதான். மிச்சம் அவனுக்குத் தெரியலை. அப்ப பதினோரு வருசம் அவுகளை ஒருத்தனும் ஒண்ணும் கேக்கலை, அப்படித்தானே?" என்றான்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"சரி சாமி. எழுதி, ரேகை வச்சு, முறையாச் செஞ்சா ஒண்ணும் கேக்க மாட்டாக போலருக்கு" என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டே போனான். அவன் எதைப் பற்றிப் பேசினான் என்று நான் ஏன் ஆராய வேண்டும்? என் மனம் முழுவதும் அந்தக் கறைபட்ட பட்டிலேயே இருந்தது.

மறுநாள் முற்பகலில் நான்கு பேர் சத்திரத்துக்குள் நுழைந்து என் இரு தோள்களையும் பற்றித் தூக்கினார்கள். "குருவானவர் பக்கத்துல நிக்கணும்லா? வாங்க சாமி" என்றார்கள். கால் தரையில் படாமல் ஜமீன் களத்துக்குக் கொண்டுபோனார்கள்.

களத்தில் நூறு பேர் இருப்பார்கள். நெல் பார்க்க வந்த சேதுராயரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டியிருந்தார்கள். காவலாட்கள் மூவர் வாய்க்காலோரம் கிடந்தார்கள். ஒருவனுக்கு முழங்கைக்குக் கீழே கை இல்லை. அவன் அந்த இடத்தை மற்றக் கையால் பொத்திக்கொண்டு, கன்று கத்துவதுபோல் கத்திக்கொண்டிருந்தான். பூதலிங்கம் வைக்கோற்போரின் அடியில் குப்புறக் கிடந்தார், முதுகில் அம்மிக்கல். அவர் அசையவில்லை.

சேதுராயரின் தலைப்பாகையை அவர்கள் தொடவில்லை. இராசா தொப்பியைக் கழற்றவில்லை என்று நான் சொல்லியிருந்தேனே, அதனால். புரட்டாசி வெயில் கொப்புளிக்கும் நேரத்தில் அவருக்கு இரண்டு சட்டை போட்டிருந்தார்கள். அரண்மனைக்கு ஆள் அனுப்பி எடுத்துவந்தார்களாம். அது விதி என்று நினைத்துவிட்டார்கள் பாவிகள். வேர்வை அவர் முழங்கையிலிருந்து ஒழுகியது.

பள்ளிக்கூடம் போன ஒருவன் காகிதத்தை வாசித்தான். சங்கையாவைக் கொன்றது. டில்லி வரி. பேச்சித்தாய் என்பவளை அரண்மனைக்குள் இழுத்துப்போய் மூன்றாம் நாள் கிணற்றில் போட்டது. இப்படிப் பதினான்கு. கீழே ஐம்பத்தொன்பது ரேகைகள். ஐம்பத்தெட்டு ஆண்களே முன்வந்தபடியால் ஒரு கிழவியையும் ரேகை வைக்கச் சொல்லியிருந்தார்கள். எண்ணிக்கை பிசகக் கூடாதாம்.

சேதுராயர் என்னைக் கண்டார். அவர் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். "பிள்ளைவாள்! எட்டாம் நாள் கதையைச் சொல்லும்! வெட்டினவனுகளை என்ன செஞ்சாங்கன்னு இந்தப் பயல்களுக்குச் சொல்லும்! நான் சொன்னா நம்பமாட்டேங்கானுக! பட்டு என்ன வே, பத்துப் பட்டு தாரேன், சொல்லும்!" என்று கதறினார். வாத்தியாரிடம் அவர் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

கூட்டம் என் பக்கம் திரும்பியது. கோம்பையா முகத்தில் கறுப்புத் துணி கட்டியிருந்தான். ஆனால் அரிவாளைப் பிடித்திருந்த கையின் கோணல் விரல்களைப் பார்த்தால் குருடனுக்கும் தெரியும். "சொல்லுங்க சாமி. கேட்டுக்கிடுதோம்" என்றான்.

சொல்லத்தான் தொடங்கினேன். சத்தியமாகச் சொல்லத்தான் தொடங்கினேன். ஆனால் கடவுள் வாழ்த்துப் பாடாமல் ஒரு படலத்தை எப்படித் தொடங்குவது? விநாயகர் காப்பு, அம்மையப்பர், முருகன், குரு வணக்கம், அவையடக்கம். ஐந்து பாடல். நாற்பது ஆண்டாக அந்த ஐந்தையும் விடுத்து நான் வாய் திறந்ததில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரல் சேராவிட்டாலும், முதற்பாட்டை முழுதாகப் பாடினேன். இரண்டாம் பாட்டில் இரண்டாம் அடி. "கதைக்கு வாரும் வே!" என்று சேதுராயர் அலறினார். "இது கதை இல்லை, கும்பிடுதாரு. ராசாவுக்குச் சாகும்போது கும்பிட்ட மாதிரி" என்று எவனோ சொன்னான். கதிரடிக்கும் கட்டையில் அவர் கழுத்தை அழுத்தினார்கள். கோம்பையா வெட்டினான்.

ஒரே வெட்டு என்று நான் சொல்லியிருந்தேன். நசுங்கிய விரல்களில் பிடி நிற்கவில்லை. முதல் வெட்டு தோளில் இறங்கி எலும்பில் சிக்கியது. காலால் மிதித்து உருவினான். இரண்டாவது தாடையைப் பிளந்தது. பற்கள் நெல்லின்மேல் சிதறின. மூன்றாவதும் நான்காவதும் எங்கே விழுந்தன என்று நான் பார்க்கவில்லை. என் முகத்தில் சூடாகத் தெறித்தது. நான் பாடுவதை நிறுத்தவில்லை. ஐந்தாம் பாட்டு முடிந்தபோது களத்தில் ஓசையே இல்லை. கதை தொடங்க நான் தயாராக இருந்தேன், ஐயா. கேட்பாரில்லை.

இதைத்தான் என் குற்றம் என்கிறார்கள். முறை தவறாதது குற்றமா?

அதற்கப்பால் அவர்கள் செய்ததுதான் விசித்திரம். ஒருவனும் ஓடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் மலை. மலையைத் தாண்டினால் மலையாளத்து மகாராசா சீமை. ஓடவில்லை. காகிதத்தை நடுவில் வைத்துக்கொண்டு களத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மாலையில் போலீசார் வந்தபோது கோம்பையா எழுந்து நின்று அதை நீட்டினான். இன்ஸ்பெக்டர் வாசித்துப் பார்த்துவிட்டு, அவன் வாயில் துப்பாக்கிக் கட்டையால் இடித்தார். ரேகை வைத்த ஐம்பத்தொன்பது பேரைத் தேட வேண்டிய சிரமமே இல்லை, சாசனமே சாட்சி. அன்றே ஜமீன் ஆட்கள் குடியிருப்புக்குத் தீ வைத்தார்கள். உள்ளே முடவன் ஒருவனும் பிள்ளை பெற்று நான்கு நாளான ஒருத்தியும் இருந்தார்கள்.

செஷன்ஸ் கோர்ட்டில் நான் முதல் சாட்சி. கையொப்பத்தைப் பற்றி என்னிடம் கேட்டவன் எவன் என்றார்கள். கூண்டில் நின்ற கோம்பையாவைக் காட்டினேன். நீ இராசத் துரோகம் போதித்தாயா என்றார்கள். போதித்தது இராசபக்தி என்று மன்னர் சரித்திரத்தை அரைமணி நேரம் எடுத்துரைத்தேன். ஜட்ஜ் துரை என் சொல்லழகை மெச்சியதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார். ஐந்து பேருக்குத் தூக்கு. மற்றவர்களுக்கு அந்தமான்.

தூக்குக்கு நான்கு நாள் முன்னால் சிறையிலிருந்து ஆள் வந்தது. கடைசி ஆசை என்னவென்று கேட்டதற்குக் கோம்பையா, எட்டாம் நாள் கதை கேட்க வேண்டும் என்றானாம். நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், போனேன். பிற்பகல். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். முன்பற்கள் இல்லை. இந்தப் பக்கம் தரையில் நான். எட்டாம் நாளை ஒன்று விடாமல் சொன்னேன். இளவரசர் திரும்பியதும் தெருவெல்லாம் மலர் தூவியதையும் மணிகள் ஒலித்ததையும் பட்டாபிஷேகத்தையும் சொல்லும்போது எனக்கு மெய்சிலிர்த்தது. பிறகு தண்டனைகள். அவன் விரலை மடக்கி எண்ண முயன்றான், மடங்கவில்லை.

"எல்லாரையும் பிடிச்சிட்டாகளா சாமி?"

"இல்லை. சிலர் கடல் தாண்டி வேறு தேசம் போய்விட்டார்கள்."

"அவுக?"

"அங்கேயே வயதாகி இறந்தார்கள். பிடிபடவே இல்லை."

தலையை மெல்ல ஆட்டினான். நான் அவன் மனம் கனிந்துவிட்டது என்று எண்ணினேன். "பார்த்தாயா கோம்பையா? இதை அன்றே கேட்டிருந்தால் நீ அந்தப் பாதகத்தைச் செய்திருக்க மாட்டாய்" என்றேன்.

"செஞ்சிருப்போம் சாமி" என்றான். கோபமே இல்லை அவன் குரலில். "செஞ்சிட்டு மலையேறிப் போயிருப்போம்."

காவலன் நேரமாயிற்று என்றான். நான் எழுந்து நாலடி நடந்திருப்பேன். அடுத்த கொட்டடியிலிருந்து, "அண்ணே, என்னவாம்? எட்டாம் நாள் என்னவாம்?" என்று ஒரு குரல் கேட்டது. கோம்பையா கம்பியில் முகத்தை வைத்துச் சொல்லத் தொடங்கினான். நின்று கேட்டேன், என் கதையல்லவா? "ஓடினவுகள்லாம் பொழச்சிக்கிட்டாகளாம்லே. இருந்தவுகதான் செத்தாக" என்றான். அடுத்தவன் அதற்கும் அடுத்தவனுக்குச் சொன்னான். அவன் அடுத்தவனுக்கு.

அவ்வளவுதான் சொன்னார்கள், ஐயா. அந்தப் பட்டாபிஷேகத்தைப் பற்றி ஒருவனும் ஒரு சொல் சொல்லவில்லை.